பித்தநாள அடைப்பில் ஆன்டிபயாட்டிக்: பட்டியலுக்கு முன் பார்க்க வேண்டியது

எந்த மருந்து பித்தநீரில் நன்றாக இறங்கும் என்ற பட்டியல் ஒன்று என் கோட்டுப் பையிலேயே கிடக்கும். முதுகலை முதல் வருடம், பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலையும் குளிர்காய்ச்சலுமாக வந்த ஒருவருக்கு அதைப் பார்த்துத்தான் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினேன். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த மருந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது சீஃப் கேட்டார்: “ஏம்ப்பா, தண்ணியே வராத குழாயில மருந்து மட்டும் எப்படி வரும்?” அன்று மாலை இ.ஆர்.சி.பி. (வாய் வழியே குழாய்க் கேமராவை விட்டுப் பித்தநாளத்தை அணுகும் முறை) செய்து, பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். சீழ் கலந்த பித்தம் பீறிட்டது. மறுநாள் காய்ச்சல் இல்லை. மருந்து அதேதான்.

ஆகவே முதலில் ஸ்கேனைப் பாருங்கள்: நாளம் திறந்திருக்கிறதா? செஃப்ட்ரையாக்சோனில் ஏறத்தாழ 40 சதவீதம் பித்தநீர் வழியே வெளியேறும், செஃபோபெரசோன் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் அதைவிட அதிகம் என்பதெல்லாம் அடைப்பில்லாத ஈரலின் கணக்கு. ஈரல் செல்கள்தாம் மருந்தைப் பித்தநீருக்குள் தள்ளுகின்றன. நாளத்தில் அழுத்தம் ஏறினால் சுரப்பே மந்தமாகும், மருந்தும் உள்ளே வராது. பித்தப்பை அழற்சியிலும் இதே கதை. பையின் கழுத்தில் கல் சிக்கியிருந்தால் புதுப் பித்தநீர் உள்ளே நுழையாது. பையின் சுவருக்கு மருந்து ரத்தம் வழியாகத்தான் போக வேண்டும்.

அதற்காக மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். நாளத்தில் அழுத்தம் ஏறியதும் கிருமி ரத்தத்துக்குள் கசிகிறது. ஆளைச் சாய்ப்பது அதுதான். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்த கையோடு முதல் டோஸ். ரத்த அழுத்தம் விழுந்திருந்தால் 1 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும்.

மருந்தைக் கிருமிக்காகத் தேர்ந்தெடுங்கள். இங்கே வழக்கமான கிருமிகள் ஈ. கோலை, கிளெப்சியெல்லா, சில சமயம் என்ட்ரோகாக்கஸ். சிப்ரோஃப்ளாக்சசின் பித்தநீரில் அருமையாக இறங்கும். உங்கள் வார்டு ஈ. கோலை அதற்கு மசியாது என்றால் இறங்கி என்ன பயன்? செஃப்ட்ரையாக்சோன் என்ட்ரோகாக்கஸைத் தொடவே தொடாது. பைபெராசிலின்-டாசோபாக்டம் பெரும்பாலும் ஈ. கோலை வகை, என்ட்ரோகாக்கஸ் இரண்டையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் லேசான நோய்க்கெல்லாம் அதை எடுத்து வீசாதீர்கள். பித்தநாள, பித்தப்பை அழற்சிக்கான 2018 டோக்கியோ வழிகாட்டுதலும் பித்தநீரில் இறங்கும் அளவை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை.

இ.ஆர்.சி.பி. செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் நாளத்தைக் காட்டும் திரவம்) செலுத்துமுன் கொஞ்சம் பித்தநீரை உறிஞ்சி கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். இதைக் கேட்க மறந்து நான் வருந்தியது பல முறை. பழைய ஸ்டென்ட் இருப்பவரின் பித்தநீரில் எப்போதும் ஏதாவது கிருமி குடியிருக்கும்; ரிப்போர்ட்டில் வரும் ஒவ்வொன்றையும் துரத்த வேண்டாம்.

செஃப்ட்ரையாக்சோன் சில நாள் ஓடிய பிறகு ஸ்கேனில் பித்தப்பையில் புதிதாக மண்டி தெரிந்தால் பதறாதீர்கள். மருந்தே கால்சியத்தோடு சேர்ந்து படிந்திருக்கலாம்; நிறுத்தினால் பெரும்பாலும் தானே கரையும்.

எத்தனை நாள் என்றால் 4 முதல் 7 நாள். மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள், அடைப்பு நீங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். ரத்தத்தில் என்ட்ரோகாக்கஸ் வளர்ந்திருந்தால் குறைந்தது 2 வாரம்.