மாமல்லபுரத்துக் கல் யானையை வரையலாம் வாங்க: பென்சில், நூல், களிமண்

சிலையைப் பார்த்து வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் முகத்தில்தான் தொடங்குகிறார்கள். கண், மூக்கு, கிரீடம், கழுத்து நகை. அரை மணி நேரத்தில் தலை மட்டும் காகிதத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும், காலுக்கு இடமே இருக்காது. நானும் முதல் ஒரு வருடம் இப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன். அதை மாற்றியது மாமல்லபுரம் ஐந்து ரதங்கள் வளாகத்தில் நிற்கும் கல் யானை. புதிதாக வரைய வருபவர்களுக்கு இன்றும் அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

ஏன் யானை என்றால், அதில் மயங்கி நிற்க நகை இல்லை, விரல் இல்லை. பெரிய பெரிய வளைவுகள்தான். ஏறக்குறைய நிஜ யானை அளவு இருப்பதால் சுற்றி நடந்து எல்லாப் பக்கமும் பார்க்கலாம். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் தரையோடு இருந்த பாறையைக் குடைந்து ரதங்களைச் செதுக்கியபோது, யானை, சிங்கம், நந்தி மூன்றையும் அதே பாறையிலிருந்துதான் எடுத்தார்கள். கல்லைக் கொண்டுவந்து வைக்கவில்லை. வேண்டாத கல்லை நீக்கினார்கள். நாமும் அதே வரிசையில் வரையப் போகிறோம்: முதலில் மொத்தம், கடைசியில் நுணுக்கம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஏ5 அளவு ஸ்கெட்ச் புத்தகம், ஒரு ஹெச்பி, ஒரு 2பி, ஒரு 4பி பென்சில், பிசைந்து உருட்டக்கூடிய அழிப்பான், பிளேடு. பென்சிலைத் துருவியில் சீவாமல் பிளேடால் சீவி, ஈயம் ஒரு சென்டிமீட்டராவது வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து நிழல் தீட்ட அது வேண்டும். கடற்காற்றில் தாள் பறக்கும், அதனால் இரண்டு கிளிப். தொப்பி, தண்ணீர்.

அப்புறம் ஒரு முழம் நூல், அதன் நுனியில் ஒரு இரும்பு நட்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டுதான், சின்ன அளவில். இந்தப் பட்டியலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஈசல் ஸ்டாண்ட் வேண்டாம். பாதையை மறிக்கும். மடியில் வைத்து வரைந்தாலே போதும். சிலை மீது சாய்வதோ, கையை வைத்துப் பார்ப்பதோ கூடாது.

முதல் படி: நேரமும் இடமும்

கல்லுக்கு நிறம் குறைவு. அதன் வடிவத்தை நமக்குக் காட்டுவது வெயில்தான். உச்சி வெயிலில் போனால் முதுகு மட்டும் வெளுத்து, மற்றதெல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். காலையில் திறந்தவுடன் போங்கள். யானை தெற்கு பார்த்து நிற்கிறது, அதனால் காலை வெயில் அதன் இடப்பக்கம் முழுக்க விழும், வலப்பக்கம் நிழலில் இருக்கும். வெளிச்சமும் நிழலும் சேரும் கோடு தெரிகிற மாதிரி, சற்றுக் கோணலாக உட்காருங்கள். சிலையின் உயரத்தைப் போல மூன்று மடங்காவது தள்ளி உட்கார வேண்டும். அப்போதுதான் தலையை ஆட்டாமல் முழு உருவமும் ஒரே பார்வையில் அடங்கும்.

போட்டோ எடுத்து வீட்டில் வரையலாமே என்று கேட்பார்கள். ஃபோன் கேமராவை அருகில் வைத்து எடுத்தால் முன்னால் இருக்கும் தும்பிக்கை பெருத்து, பின்கால் சிறுத்துவிடும். நிழலுக்குள் இருக்கும் மெல்லிய வேறுபாடுகளும் பல நேரம் கறுப்பாகக் கலந்துவிடும். சில்பி என்ற பெயரில் வரைந்த பி.எம். சீனிவாசன் கோயில் கோயிலாகப் போய், சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார். அந்தக் கோடுகளில் இருக்கும் உயிர், கல்லின் எதிரே உட்கார்ந்த பொறுமையில் வந்தது என்று நான் நம்புகிறேன்.

இரண்டாம் படி: தீப்பெட்டி அளவில் ஒரு படம்

பக்கத்தின் மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சம், நிழல் என்று இரண்டே துண்டுகள் தெரியும். நிழல் துண்டை மட்டும் 4பி-யால் தீட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். இது யானை மாதிரி தெரிந்தால் உட்கார்ந்த இடம் சரி. தெரியவில்லையென்றால் எழுந்து இரண்டடி நகர்ந்து உட்காருங்கள்.

மூன்றாம் படி: அளப்பது

கையை முழுக்க நீட்டி, முழங்கை மடங்காமல், பென்சிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் நுனியை யானையின் தலை உச்சியில் வைத்து, கட்டைவிரலைப் பாதத்துக்கு நகர்த்துங்கள். இதுதான் உயரம். கையை மடக்காமல் பென்சிலைப் படுக்கையாகத் திருப்பி, அகலத்தில் அது எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். ஒன்றா, ஒன்றேகாலா, ஒன்றரையா? நீங்கள் உட்கார்ந்த கோணத்தைப் பொறுத்து இது மாறும், அதனால் விடையை நான் சொல்ல முடியாது. அந்த விகிதத்தில் காகிதத்தில் ஒரு பெட்டியை மெல்லிய ஹெச்பி கோட்டில் போடுங்கள். யானை இனி இந்தப் பெட்டியைத் தாண்டாது.

இப்போது நூலை எடுங்கள். நட்டு ஆடாமல் நின்றதும், நெற்றி மேட்டுக்கு நேர் கீழே என்ன வருகிறது என்று பாருங்கள். முன்காலா, தும்பிக்கையா? வயிற்றின் தாழ்ந்த இடத்துக்கு நேர் மேலே முதுகின் எந்தப் பகுதி வருகிறது? இப்படி நான்கைந்து இடங்களில் பார்த்துப் புள்ளி வையுங்கள். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் ஸ்தபதிகள் சிலைக்கு முதலில் தீர்மானிப்பது நடுவே செல்லும் செங்குத்துக் கோட்டைத்தான். பிரம்ம சூத்திரம் என்பார்கள். அவர்கள் கல்லில் செய்வதை நாம் காற்றில் நூலைப் பிடித்துச் செய்கிறோம்.

நான்காம் படி: நேர்க்கோட்டில் வளைவு

யானை முழுக்க வளைவு. ஆனாலும் முதலில் ஒரு வளைவுகூட வரையாதீர்கள். புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேர்க்கோடுகள் மட்டும். ஒவ்வொரு கோட்டின் சாய்வையும் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: நெற்றி இறங்குவது ஐந்து மணி முள்ளா, ஐந்தரையா? எடுத்தவுடனே வளைவாக வரையத் தொடங்கினால் கை தன் பழக்கத்துக்குச் சுழற்றிவிடும், எல்லா யானையும் ஒரே பொம்மை யானை ஆகிவிடும். நேர்க்கோட்டில் தவறு உடனே கண்ணில் படும், அழிப்பதும் எளிது. பத்துப் பதினைந்து கோடுகளில் உருவம் பிடிபட்ட பிறகு முனைகளை மெல்ல மழுக்குங்கள்.

இன்னொரு வழியிலும் சரிபாருங்கள். தும்பிக்கைக்கும் முன்காலுக்கும் நடுவே தெரியும் இடத்தைத் தனி வடிவமாகப் பாருங்கள். அந்த இடம் சரியாக வந்தால் இரண்டு பக்க உறுப்புகளும் தானாகச் சரியாக இருக்கும்.

ஐந்தாம் படி: நிழலைப் பூட்டி வைப்பது

படத்தில் கனம் வருவது இங்கேதான், அவசரப்பட வேண்டாம். யானையின் உடலில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் எல்லையை ஒரு மெல்லிய கோடாக வரையுங்கள். காது கழுத்தின் மீது போடும் நிழல், உடல் தரையில் போடும் நிழல், இவற்றின் எல்லைகளையும் சேருங்கள். உடல் வளைந்து திரும்புவதால் வரும் நிழலின் ஓரம் மெத்தென்று இருக்கும். ஒன்றின் மேல் இன்னொன்று போடும் நிழலின் ஓரம் கத்தரித்தது போல் இருக்கும். இந்த வேறுபாட்டை மட்டும் காட்டிவிட்டால் பார்ப்பவருக்கு அது உருண்டையான பொருள் என்று புரிந்துவிடும்.

சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி நகர்கிறது. நீங்கள் வரைந்துகொண்டே இருக்க, நிழல் ஊர்ந்து வேறிடம் போய்விடும். அதைத் துரத்தாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் எல்லையைப் போட்டுவிட்டால், அதுதான் இன்றைய நிழல். பிறகு உள்ளே 2பி-யைப் படுக்க வைத்து ஒரே சீரான தீட்டல். நிழலுக்குள் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் கொஞ்சம் தெரியும். அதை வெளிச்சப் பக்கம் அளவுக்கு வெளுக்க விடக்கூடாது. புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது.

உளித் தடங்கள், கல்லின் சொரசொரப்பு எல்லாம் வெளிச்சமும் நிழலும் சேரும் இடத்தில் நாலு கோடு இழுத்தால் போதும். ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்திவிட்டு, தேதி, நேரம், எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தீர்கள் என்பதை ஓரத்தில் எழுதுங்கள்.

ஆறாம் படி: வீட்டில் களிமண்

பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் கையை மாற்றுவது இதுதான்.

குயவரிடம் ஒரு கிலோ பிசைந்த மண் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். உங்கள் படத்தை எதிரே வைத்துக்கொண்டு உள்ளங்கை அளவில் யானையைச் செய்யுங்கள். உடலுக்கு ஒரு கட்டி, தலைக்கு ஒரு கட்டி. கால்களை மெல்லியதாகச் செய்தால் உடல் கனத்தில் உட்கார்ந்துவிடும், அதனால் தடியாகவே விடுங்கள். பழைய ஸ்பூனும் ஈர்க்குச்சியும் போதுமான கருவிகள். பாதியில் நிறுத்தினால் ஈரத்துணி சுற்றி பாலிதீன் பையில் வையுங்கள்.

செய்யும்போதுதான் உங்கள் படம் எதையெல்லாம் சொல்லவில்லை என்று தெரியும். தோள் எங்கே கழுத்தோடு சேர்கிறது? விலா எந்த இடத்தில் உள்வாங்குகிறது? படத்தில் அங்கே நிழலைத் தேய்த்து மழுப்பியிருப்பீர்கள். மண்ணில் மழுப்ப முடியாது. முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, டேபிள் லேம்ப்பை காலை வெயில் வந்த பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிழல் எல்லை உங்கள் படத்தோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று அப்படியே தெரியும்.

திரும்பிப் போகும் நாள்

இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் உட்காருங்கள். இரண்டாவது படம் பாதி நேரத்தில் முடியும். மீதி நேரத்துக்கு அர்ச்சுனன் தபசுக்குப் போகலாம். சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரப் பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அவற்றில் ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியை மட்டும் எடுங்கள். பாறை கிழக்குப் பார்த்தது. விடியல் வெயில் நேராக அடித்துப் புடைப்பைத் தட்டையாக்கிவிடும். பத்து மணிக்கு மேல், வெயில் மேலிருந்து சாயும்போது விலா எலும்புகள் எழுந்து நிற்கும். ஸ்தபதிகளின் தாளக் கணக்கில் முகத்தின் நீளம்தான் அலகு, நவதாளம் என்றால் 9 முகம், 108 அங்குலம் (இது சிற்ப அங்குலம், ஸ்கேலில் இருப்பது அல்ல). ஆனால் கணக்கை அந்த உருவத்தின் மீது திணிக்காமல், அதன் முகத்தையே பென்சிலில் அளந்து, உடலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஐந்து ரதங்களுக்கு இன்னொரு முறை போய், யானைக்குப் பின்னால் நில்லுங்கள். பக்கத்தில் இருக்கும் நகுல சகாதேவ ரதத்தின் பின்புறமும் அங்கிருந்து தெரியும். யானையின் பின்புறம் போல வளைந்த அந்தக் கட்டட அமைப்புக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். ஒரே பக்கத்தில், இடப்பக்கம் யானையின் பின்புற வளைவு, வலப்பக்கம் ரதத்தின் வளைவு, இரண்டையும் நிழல் இல்லாமல் ஒவ்வொரு கோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.