முதல் பெஞ்சில் இடம் கொடுத்துவிட்டால் போதுமா?

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குப் பார்வைக் குறைவு. வகுப்பு டீச்சர் அக்கறையானவர். அவளை முதல் பெஞ்சில், போர்டுக்கு நேர் எதிரே உட்கார வைத்திருந்தார். அப்படியும் அவள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினாள். சிறப்பாசிரியராக அங்கே போயிருந்த நான், முதல் பீரியடில் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிழக்கு ஜன்னல் வெயில் விழுந்து பாதி போர்டு பளபளத்தது. என் கண்ணுக்கே அங்கிருந்த எழுத்து தெரியவில்லை. அவளை நாலடி தள்ளி உட்கார வைத்து, ஜன்னலில் ஒரு பழைய வேட்டியைக் கட்டினோம். போர்டில் இருந்த குறளை அவளே வாசித்தாள்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக வகுப்பறையை அமைக்கும்போது ஆசிரியர்கள் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. பிள்ளையின் இடத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்காமல் ஏற்பாடு செய்துவிடுகிறோம்.

காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைக்கும் இதே முதல் பெஞ்ச்தான் கொடுக்கிறோம். அது ஃபேனுக்கு நேர் கீழே இருந்தால்? கருவி டீச்சர் குரலோடு ஃபேன் இரைச்சலையும், பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. அதனால் ஃபேனுக்கும் ரோட்டு ஜன்னலுக்கும் விலகிய இடமாக, டீச்சர் நிற்கும் இடத்துக்கு ஓரிரு மீட்டருக்குள் உட்கார வையுங்கள். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி, வெட்டி, பெஞ்சுக் கால்களில் மாட்டினால் இழுபடும் சத்தம் நன்றாகக் குறையும். அப்புறம், போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றும் பேசாதீர்கள். முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு தெரியாது.

சுவர் முழுக்க சார்ட் ஒட்டுவது இன்னொன்று. பார்க்க வருபவர்களுக்கு அழகாக இருக்கும். 2014இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அலங்கரித்த அறையிலும் வெறும் சுவர் அறையிலும் மாற்றி மாற்றிப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். வெறும் சுவர் அறையில் சரியான விடை 55 விழுக்காடு, அலங்கார அறையில் 42. சாதாரண வகுப்புப் பிள்ளைகளுக்கே இப்படி என்றால், ஆட்டிசமோ கவனக் குறைவோ உள்ள பிள்ளைக்கு அந்தச் சுவர் எவ்வளவு தொந்தரவு! போர்டு இருக்கும் சுவரையாவது காலியாக விடுங்கள். இந்த வாரப் பாடத்துக்கு வேண்டிய சார்ட் மட்டும் பக்கச் சுவரில் இருக்கட்டும்.

எனக்கு அதிகம் வலிப்பது ‘மெல்லக் கற்போர்’ வரிசைதான். வாசிக்கத் திணறும் பிள்ளைகளையெல்லாம் ஒரே ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. எழுத்தைப் புரட்டிப் போடும் பிள்ளை கதை சொல்வதில் கெட்டிக்காரனாக இருக்கலாம். அந்த ஓரத்தில் அவன் கதையை யார் கேட்கப்போகிறார்கள்? தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது அந்தப் பாடத்துக்காக. பாடம் முடிந்ததும் கலந்து உட்கார வையுங்கள். ‘அரும்பு’ பட்டப்பெயராகிவிடக் கூடாது.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டியாயிற்று என்று கணக்கு முடிப்பதும் தவறு. ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடித் திண்ணை என்றால் பதினெட்டு அடி. ஆறடியில் செங்குத்தாகக் கட்டியதில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், கை நடுங்கும். சரி, ஏறியாயிற்று. கழிவறைக்குப் போகும் வழியில் ஜல்லியும் படியும் இருந்தால்? கழிவறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் அந்த வழியைச் சரிசெய்யுங்கள். வகுப்பு மாடியில் இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வகுப்பையே கீழே கொண்டுவாருங்கள்.

கடைசியாக, இருப்பதை அழிக்காதீர்கள். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்ற ‘செயல்வழிக் கற்றல்’ முறை நடந்த காலத்தில், அவர்களின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்தார்கள். பெயின்ட் அடிக்கும்போது பல இடங்களில் அதை மறைத்துவிட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அது தப்பியிருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனுக்குப் பென்சில் விரலில் நிற்காது. சுவரோரம் உட்கார்ந்து, கட்டைச் சாக்பீஸை உள்ளங்கையில் பிடித்து, தோளிலிருந்து கையை வீசி ‘ம’ எழுதுகிறான். ஒரு முழ உயரம் இருக்கும். பக்கத்தில் மற்ற பிள்ளைகளும் அதே பலகையில்தான் எழுதுகிறார்கள்.