ஷட் டவுன் இழுக்கிறதா? யார் காரணம் என்று விண்டோஸே சொல்லும்

கம்ப்யூட்டரை அணைத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள், கோப்புகள் கெட வாய்ப்புண்டு.

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரை (விண்டோஸில் நடப்பதைப் பதிவுகளாகக் காட்டும் கருவி) தேடித் திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்று வரிசையாக உள்ளே போங்கள். வழி கொஞ்சம் நீளம்தான்! அங்கே ஈவென்ட் ஐடி 200 என்ற பதிவில், ஷட் டவுனுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது மில்லிசெகண்டில் இருக்கும். 60000 என்றால் ஒரு நிமிடம். 201 இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் இழுத்தடிக்கிறது, 203 என்றால் ஏதோ ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். பெயரும் அதிலேயே இருக்கும்.

தேவையில்லாத மென்பொருள் என்றால் தூக்கிவிடுங்கள், வேண்டியது என்றால் அப்டேட் செய்து பாருங்கள். பெயர் தெரியாத சர்வீஸை மட்டும் விசாரிக்காமல் நிறுத்த வேண்டாம்.