ஹால்ல மெத்தையைச் சாய்ச்சு பாட்டு ரெக்கார்ட் பண்றது எப்படி

போன மாசம் பெங்களூர் அல்சூர்ல இருக்கற சித்தி போன் பண்ணி, "டேய், உன்கிட்டதான் மைக்கு கம்ப்யூட்டர்லாம் இருக்கே, நான் பாடற நாலு கீர்த்தனைய ஒழுங்கா பதிஞ்சு குடுடா"ன்னாங்க. ரெண்டு ராத்திரில முடிச்சோம். அத கேட்டுட்டு மூணு பேரு எப்படி பண்ணன்னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன்.

மொதல்ல கொஞ்சம் பழைய கத. 2001ல எங்க வீட்டுல பென்டியம் 3, 128 எம்பி ராம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதுல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்டுல அலைஞ்சு வாங்கின சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு. சாஃப்ட்வேர் கூல் எடிட் ப்ரோ, 2003ல அத அடோபி வாங்கி ஆடிஷன்னு பேர் மாத்திட்டாங்க. கரோக்கி மைக்க கம்ப்யூட்டர் பின்னாடி ரோஸ் கலர் ஓட்டைல சொருகுனா பாட்டோட சேந்து ‘உஸ்ஸ்ஸ்’னு ஒரு சத்தம் வரும், அத நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு முழுசா எடுத்தா பாடறவங்க கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி ஆயிடும். நாலு ட்ராக்குக்கு எஃபெக்ட் போட்டா மிஷின் திக்கித் திணறும். அப்போ சண்டையெல்லாம் கம்ப்யூட்டரோடதான். இப்போ சாதாரண 8 ஜிபி லேப்டாப்ல நாப்பது ட்ராக் சத்தமில்லாம ஓடுது, ஆனா நம்ம பத்துக்குப் பன்னண்டு ஹாலு அதே பத்துக்குப் பன்னண்டு ஹாலுதான், அதே மொசைக் தர, அதே இரும்பு பீரோ. அதனால காச மைக்ல கொட்டறதுக்கு முன்னாடி ரூமப் பாருங்க.

ரூம் நடுவுல நின்னு ஒரு தடவ பலமா கை தட்டுங்க. ‘டட்’னு நின்னா நல்லது, ‘டய்ங்ங்’னு இழுத்தா அந்த இழுவை பாட்டுலயும் வரும், அத பின்னாடி எந்த சாஃப்ட்வேராலயும் முழுசா எடுக்க முடியாது. செவுத்துல முட்டை ட்ரே ஒட்டறத தயவுசெஞ்சு விட்டுடுங்க, நானும் ஒட்டியிருக்கேன், கரப்பான்பூச்சிதான் வந்துச்சு. கனமா இருக்கறதுதான் வேலை செய்யும், அதாவது இலவம்பஞ்சு மெத்தை, ரஜாய், ஜமக்காளம். இதுல நெறைய பேரு பண்ற தப்பு என்னன்னா மெத்தைய மைக்குக்குப் பின்னாடி வெக்கறது. மைக்கு பாடறவங்க மூஞ்சியப் பாத்துட்டு இருக்கு, அப்போ அதுக்கு நேரா தெரியற செவுரு பாடறவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கறது, மொத மெத்த அங்கதான் போகணும். சித்தி வீட்டுல டபுள் மெத்தைய அவங்க பின்னாடி நிமித்தி சாய்ச்சோம், ரெண்டு பக்கமும் துணி காயப்போடற ஸ்டாண்டு, அது மேல போர்வ. பீரோவத் தொட்டுப் பாத்தா மேல இருந்த எவர்சில்வர் டப்பா அதிருது, அத கீழ எறக்கி வெச்சோம்.

நேரமும் முக்கியம். காலைல குப்ப வண்டி, அப்புறம் ‘சொப்பு சொப்பு’ன்னு கீரைக்காரர், சாயங்காலம் ஆட்டோ ஹாரன். நாங்க ராத்திரி பதினொண்ணுக்கு மேலதான் ஆரம்பிச்சோம். பெங்களூர்ல ஒரு புண்ணியம், மாசக்கணக்குல ஃபேன் போடாம இருக்கலாம். ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணா திரும்ப ஆன் பண்ண மறந்துடுவோம், அதனால கார் சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுடுங்க, கெளம்பும்போது தானா ஞாபகம் வரும்.

மைக்கு. கண்டென்சர் நுணுக்கமா கேக்கும், அதுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாவே போற கரண்ட் வேணும், ஆனா அது பக்கத்து வீட்டு குக்கர் விசிலையும் அதே நுணுக்கத்தோட கேக்கும். ரோட்டோர வீடுன்னா மேடைல கைல பிடிச்சுப் பாடற மாதிரி டைனமிக் மைக்கே போதும்னு சொல்வேன், 1966ல வந்த ஷ்யூர் எஸ்எம்58 இன்னிக்கும் விக்குதுன்னா சும்மா இல்ல. வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல நாலு விரல் எடம், நேரா இல்லாம லேசா சாய்ச்சு வைங்க, ‘ப’வும் ‘ஃப’வும் வந்து அறையாது. கெயின், அதாவது மைக் சத்தத்தப் பெருசாக்கற திருகு, நெறைய ஏத்த வேண்டியிருக்கும், பயப்படாதீங்க. ‘ஸ்டூடியோ மைக்’னு பெட்டி மேல பெருசா எழுதியிருந்தத ஒரு கடைல நம்பி வாங்கி, வீட்டுல பிரிச்சா அதே பழைய ‘உஸ்ஸ்ஸ்’. பெட்டியப் படிச்சு வாங்காதீங்க, கடைலயே ஹெட்ஃபோன் மாட்டி கேட்டுட்டு வாங்குங்க.

மைக்க நேரா லேப்டாப்ல சொருகாம ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்க, மைக் சத்தத்த கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி மாத்தற சின்னப் பெட்டி அது, ஒரு பாடகருக்கு ஒரு மைக் இன்புட் உள்ளதே போதும். ஹெட்ஃபோனையும் அதுலயேதான் மாட்டணும். யூஎஸ்பி மைக்ல ரெக்கார்ட் பண்ணிட்டு லேப்டாப் ஓட்டைல ஹெட்ஃபோன் மாட்டுனீங்கன்னா அது ரெண்டும் ரெண்டு தனித்தனி கடிகாரத்துல ஓடுது, ஆறு நிமிஷப் பாட்டு முடியறதுக்குள்ள தாளம் ஒரு பக்கம் கொரலு ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமா வெலகிப் போயிருக்கும். 2001லயும் ரெண்டு சவுண்ட் கார்டு போட்டு இதே மாதிரி மாட்டிகிட்டு, பாடுனவன் மேல பழி போட்டோம், பாவம்.

அடுத்தது லேட்டன்சி, அதாவது பாடறது காதுல லேட்டா கேக்கறது. விண்டோஸ்னா ஏசியோ (ASIO) ட்ரைவர செலக்ட் பண்ணுங்க, அந்தத் தொந்தரவுக்குன்னே ஸ்டெயின்பெர்க்ங்கற மியூசிக் சாஃப்ட்வேர் கம்பெனி 1997ல கொண்டு வந்தது. பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரே தடவைல சேத்து வாங்கற சத்தத் துண்டு, 128 சாம்பிள்னா 48 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 2.7 மில்லிசெகண்ட், 1024ன்னா 21 மில்லிசெகண்ட். போக வர ரெண்டு தடவ, அதுக்கு மேல கொஞ்சம், சேந்தா பாடறவங்களுக்கு எரிச்சலா இருக்கும். பாடும்போது 128, எடிட் பண்ணும்போது 1024. மைக் சத்தத்த கம்ப்யூட்டருக்குப் போய் வராம நேரா காதுக்குக் குடுக்கற டைரக்ட் மானிட்டர் பட்டன் இன்டர்ஃபேஸ்ல இருந்தா இந்தத் தலவலியே வேணாம். ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் கூடவே கூடாது.

செட்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ. ஒரு நிமிஷத்துக்கு 8.6 எம்பிதான் ஆகும். தம்பூரா ட்ராக்கும் அதே 48ல இருக்கான்னு பாத்துக்கோங்க. 44.1ல பதிஞ்ச ஃபைல 48னு நெனச்சு ஓட்டுனா அஞ்சரைக் கட்டைல பாடுனது ஆறு கட்டையத் தாண்டிடும், வேகமும் கூடிடும். லெவல் விஷயத்துல பழைய ஆளுங்க எல்லாம் கைய மாத்திக்கணும். 16 பிட் காலத்துல சத்தத்தத் தூக்கி செவப்பு கோட்டத் தொட வெப்போம், இல்லன்னா இரைச்சல்ல முழுகிடும். இப்போ 24 பிட், அதனால உச்ச ஸ்தாயில பாடும்போது மைனஸ் 12 டெசிபெல்ல நின்னா போதும். பூஜ்யத்தத் தொட்டா கிழிஞ்சுடும், கிழிஞ்சத தைக்க முடியாது.

சாஃப்ட்வேருக்கு சண்ட போட எனக்கு தெம்பில்ல. ஒரு கொரலு மட்டும்னா ஆடாசிட்டி ஃப்ரீ, ட்ராக் மேல ட்ராக் போடணும்னா ரீப்பர், மேக் இருந்தா அதுலயே கராஜ்பேண்ட்.

ஆரம்பிச்சதும் சித்தி தொடைல தாளம் போட்டாங்க, ஹெட்ஃபோன்ல ‘தப் தப்’னு அதான் மிருதங்கம் மாதிரி கேட்டுச்சு, கூடவே வளையல் சிலுசிலுப்பு. வளையலக் கழட்டி மடில தலவாணி வெச்சு அது மேல தாளம் போடச் சொன்னேன், தீர்ந்தது. பட்டுப்புடவையும் சரசரக்கும், பருத்தி கட்டிக்கங்க. சுருதிய ஒரு காதுல மட்டும் குடுங்க, ரெண்டு காதையும் மூடுனா பழக்கமில்லாதவங்க சுருதி வெலகும். தொங்கவிட்ட இன்னொரு பக்கத்த கழுத்தோட அழுத்தி வெச்சுக்கணும், இல்லன்னா அந்த தம்பூரா மைக்ல ஏறும். பாடறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் யாரும் மூச்சு விடாம ரூம் சத்தத்த மட்டும் பதிஞ்சுக்கங்க, பின்னாடி வேணும். ஒரு பாட்டுக்கு மூணு டேக்குக்கு மேல போகாதீங்க, நாலாவதுல கொரலு கெட்டுடும்.

‘ம்ம்ம்ம்’னு ஒரு அடித்தொண்ட இரைச்சல் வந்தா அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட். லேப்டாப் சார்ஜரப் பிடுங்கிப் பாருங்க, நின்னுடுச்சுன்னா பேட்டரிலயே ரெக்கார்ட் பண்ணுங்க, முடிஞ்சது. பழைய வீட்டுல எர்த் சரியா இருக்காது, எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டுனா பாதி கொறையும்.

எடிட்ல கை அடக்கமா இருக்கணும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, லாரி உறுமல் போயிடும். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆறு டெசிபெல் போதும், அந்தப் பத்து செகண்ட் சாம்பிள் இதுக்குத்தான். ரிவெர்ப், அதாவது பெரிய மண்டபத்துல பாடற மாதிரி சேக்கற எதிரொலி, ‘இருக்கா இல்லையா’ன்னு சந்தேகம் வர்ற அளவு. சுருதிய தானா சரி பண்ற ஆட்டோ ட்யூன் பக்கமே போகாதீங்க. 1997லயே வந்த சமாச்சாரம்தான், சினிமாப் பாட்டுக்கு சரி, ஆனா ஸ்வரத்த அசைச்சுப் பாடற நம்ம கமகத்த அது தப்புன்னு நெனச்சு பக்கத்து ஸ்வரத்துல கொண்டு போய் நிப்பாட்டிடும். தோடி ராகத்தப் போட்டுப் பாத்தேன், யாரோ இஸ்திரி பெட்டியால தேச்ச மாதிரி இருந்துச்சு.

முடிச்சதும் வேவ் ஃபைலா எடுத்து ரெண்டு எடத்துல காப்பி வைங்க. வாட்ஸ்அப்ல அனுப்பறதா இருந்தா டாக்குமென்ட்டா அனுப்புங்க. அனுப்பறதுக்கு முன்னாடி போன் ஸ்பீக்கர்லயே ஒரு தடவ கேட்டுடுங்க, வீட்டுல கேக்கப் போறவங்க எல்லாம் அதுலதான் கேப்பாங்க. சித்தி ரெண்டாவது பாட்ட போன்ல கேட்டுட்டு, "அந்த அனுபல்லவில சங்கதி ஒண்ணு விட்டுட்டேன்டா, வர்ற சனிக்கெழம மெத்தைய எறக்கிக்கலாமா?"ன்னாங்க.