கதிர்காமம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னிலங்கை முருகன் தலமான கதிர்காமம் போய்வந்த பலர் சொல்லும் முதல் குறை, "அங்கே சாமியையே பார்க்க முடியவில்லை" என்பதுதான். பார்க்க முடியாது. மகா தேவாலயம் எனும் முருகனின் முதன்மைக் கோயிலில் கும்பிடுவதற்கென்று மூலவிக்கிரகம் கிடையாது. வள்ளி தெய்வானையோடு முருகன் மயில்மேல் வீற்றிருக்கும் படம் தீட்டிய திரை தொங்கும். அதற்கு அப்பால் கப்புறாளைமார் எனும் சிங்களப் பூசகர்கள் மட்டுமே போவார்கள். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வார்கள். ஆடித் திருவிழாவில் யானைமேல் உலா வருவதும் விக்கிரகம் அல்ல, மந்திரத் தகடான யந்திரம் வைத்த பேழைதான். ஆகவே திரை எப்போது விலகும் என்று காத்திருப்பது, இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பது, ஃபோனை நீட்டிப் படமெடுக்க முயல்வது எதுவும் வேண்டாம். திரையைப் பார்த்துக் கும்பிடுவதுதான் அங்கே தரிசனம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் வாய்கட்டித்தான் பூசை நடக்கிறது. சின்னக் கதிர்காமம் என்று அதற்குப் பெயரும் உண்டு.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. மாணிக்க கங்கையில் குளித்து, பழத்தட்டு கொடுத்து, கற்பூரம் கொளுத்திய தேங்காயை உடைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். இது தெருவின் ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது. மகா தேவாலயத்துக்கு நேர் எதிரே, அந்த நீண்ட வீதியின் மறு முனையில் வள்ளியம்மன் கோயில் இருக்கிறது. திருவிழா இரவுகளில் முருகன் உலா போவது அங்கேதான். வள்ளி வேடர் குலத்துப் பெண். அதனால் வேடர்கள் இந்தத் தலத்தைத் தங்கள் வீட்டுச் சம்பந்தமாகவே கருதுகிறார்கள். வள்ளி கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல். முஸ்லிம்கள் போற்றும் கிள்ர் நபியின் நினைவோடு சேர்ந்த இடம் அது, வளவுக்குள் பெரியவர்களின் ஸியாரங்கள் (அடக்கத்தலங்கள்) உண்டு. திருவிழாக் காலத்தில் அங்கேயும் கொடி ஏறும். வள்ளியைக் கும்பிட வருகிற பலர் அந்த வாசலைப் பார்க்காமலே கடந்துபோகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒழுங்கான உடையில், தொழுகை நேரமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.

மகா தேவாலயத்துக்குப் பின்புறம் ஒரு வெள்ளரசு (போதி மரம்) நிற்கிறது. அநுராதபுரத்து ஸ்ரீ மகா போதியிலிருந்து வந்த எட்டுக் கன்றுகளில் ஒன்று என்று பௌத்தர்கள் போற்றும் மரம். அங்கிருந்து நடந்து போனால் கிரி விகாரை. பால்போல் வெளுத்த தாதுகோபம் (பௌத்த தூபி). புத்தர் வந்த இடம் என்பதால் இலங்கையின் பதினாறு பெரும் தலங்களில் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள். இங்கே நம்மவர்கள் தெரியாமல் தவறு செய்வது அதிகம். வழியில் தாமரைப்பூ விற்பார்கள், வாங்கிக்கொண்டு போங்கள். தேங்காயும் கற்பூரமும் தேவாலயத்தோடு சரி. செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பதை இலங்கையில் பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள், பொலிஸ்வரை போன சம்பவங்களும் உண்டு. அப்புறம், வெயில். வறண்ட வலயத்து மத்தியானத்தில் கல் பாவிய தரையில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கொப்பளித்துவிடும். காலையிலோ மாலையிலோ போங்கள்.

"இது எங்களுடையது, அவர்கள் பிறகு வந்தவர்கள்" என்று அங்கே நின்று வாதாடுவதையும் தவிர்க்க வேண்டும். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டிலேயே கதிர்காமத்தைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். சரி. மகா போதி அநுராதபுரத்தில் நடப்பட்டபோது கதிர்காமத்து க்ஷத்திரியர்கள் வந்திருந்தார்கள் என்று மகாவம்சமும் சொல்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது. தேவாலய நிர்வாகம் இன்று பஸ்நாயக்க நிலமே எனும் சிங்கள பௌத்த நிர்வாகியின் கையில். தமிழ் யாத்திரிகர்களின் மடங்கள் கைமாறிய வலி நம்மவர்களுக்கு இருக்கிறது, அது நியாயமான வலி. அதைப் பேச வேண்டிய இடங்களில் பேசத்தான் வேண்டும். ஆனால் பக்கத்தில் காவடி எடுத்து, "ஹரோ ஹரா" என்று கண்ணீர் விட்டுக் கும்பிடும் சிங்களக் கிழவியிடம் அதைக் காட்டக்கூடாது. அவரும் நேர்த்திக்கடன் தீர்க்கத்தான் வந்திருக்கிறார்.

நாள் பார்ப்பதிலும் குழப்பம் நடக்கிறது. திருவிழா ஆடியில்தான் என்று பொத்தாம்பொதுவாக நினைத்து விடுப்புப் போட்டுவிடாதீர்கள். சில ஆண்டுகளில் கொடியேற்றம் முன்னதாகவே வந்துவிடும். அந்த ஆண்டுக்கு அறிவித்த கொடியேற்ற, தீர்த்த நாட்களைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். பாதயாத்திரை போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கிழக்குக் கரையின் உகந்தையிலிருந்து குமண, யால காடுகளுக்குள் போகும் பாதையைக் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டுமே திறந்துவிடுவார்கள். கூட்டத்தோடு நடங்கள், தனியே பிரிந்து குறுக்குவழி தேடாதீர்கள். பிளாஸ்டிக் போத்தல்களைக் காட்டுக்குள் போட்டுவிட்டு வராதீர்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் அருகே உள்ள செல்லக் கதிர்காமத்துப் பிள்ளையாரும், முருகனுக்குரிய கதிரமலையும் விட்டுப்போகும். மலை ஏற்றம் செங்குத்தானது, முட்டுவலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். ஒரு இரவு தங்கினால் மாலைப் பூசையும் கிடைக்கும். புனித நகர எல்லைக்குள் மதுவும் மாமிசமும் கூடாது.

புத்தள என்ற ஊர் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. அந்தக் காட்டுவீதியில் யானைகள் வாகனங்களை மறித்துத் தீனி கேட்டுப் பழகிவிட்டன. பாவம் பார்த்துப் பிரசாதப் பழத்தைக் கொடுப்பவர்களால்தான் இது வந்தது. வாழைப்பழம் ருசி கண்ட யானை அடுத்த வண்டியின் கண்ணாடிக்குள் தும்பிக்கையை நீட்டும். பழத்தட்டை வெளியே தெரியாமல் வையுங்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பாதையைத் தாண்டிவிடுங்கள்.