பிர்ச் ரம்ப ஈயை அடையாளம் காண்பது எப்படி?

பிரிட்டனின் பிர்ச் காடுகளில் மே முதல் ஆகஸ்ட் வரை, குளவியைவிடக் கனமான ஒரு பூச்சி ரீங்காரத்தோடு கடந்து போவதைப் பார்க்கலாம். பெரும்பாலானோர் விலகி ஓடுவார்கள். அது பிர்ச் ரம்ப ஈயாக (அறிவியல் பெயர் சிம்பெக்ஸ் ஃபெமோரேட்டஸ்) இருந்தால் அதற்குத் தேவையே இல்லை, கொட்டாது. பெண் பூச்சியின் வாலில் இருப்பது, இலையைக் கீறி முட்டை வைப்பதற்கான சின்ன ரம்பம்தான்.

1. முதலில் மரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரமா? ஆல்டர் மரத்தில் இதன் நெருங்கிய உறவான சிம்பெக்ஸ் கொனாட்டஸ் வாழ்கிறது. மரத்தின் பெயரைக் குறிக்காமல் எடுத்த படத்தை வைத்து இனத்தை அடித்துச் சொல்வது கஷ்டம்.

2. இடுப்பு. குளவிக்கு மார்பும் வயிறும் சேருமிடம் நூலாக மெலிந்திருக்கும். இதற்கு அப்படியொரு இடுப்பே கிடையாது.

3. உணர்கொம்பு. நுனி உருண்டு, தீக்குச்சித் தலைபோலத் தடித்திருக்கும்; நிறம் மஞ்சள். உடல் 2 சென்டிமீட்டரைத் தாண்டும். வயிற்றின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: கறுப்பும் உண்டு, செம்பழுப்பும் உண்டு. வயிறு தொடங்கும் இடத்தில் வெளிறிய திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம் இருந்தால் அது ட்ரைக்கியோசோமா என்ற வேறு பேரினமாக இருக்கலாம்.

4. புழு. பூச்சி பறந்துவிடும், புழு எங்கே போகப் போகிறது? கோடையின் பிற்பகுதியில் பிர்ச் இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சை உடல், முதுகு நெடுக ஒரு கரிய கோடு, தோலெங்கும் வெண்ணிறப் பொடி மருக்கள். ஓய்வில் வட்டமாகச் சுருண்டு கிடக்கும். வண்ணத்துப்பூச்சிப் புழு என்று ஏமாறாமலிருக்க, வயிற்றுக்கால்களை, அதாவது மார்புக் கால்களுக்குப் பின்னால் வயிற்றுக்கடியில் இருக்கும் சதைக்கால்களை, எண்ணுங்கள். வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு அதிகபட்சம் ஐந்து ஜோடி, இதற்கு எட்டு. தலையின் இரு பக்கமும் ஒற்றைக் கரும்புள்ளியாகக் கண் தெரியும். முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், சீண்டினால் உடலின் பக்கவாட்டிலிருந்து திரவத்தைப் பீய்ச்சும்.

5. கூடு. இலை உதிர்ந்த பிறகு, தோல்போல் கடினமான பழுப்புக் கூட்டைக் கிளையிலோ சருகிலோ தேடலாம். ஒரு முனை மூடிபோல வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் படம் மட்டும் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.