பாத்ரூம் சுவரில் பெயிண்ட் உரிகிறதா?

கடலூரில் பெயிண்டிங் வேலை எனக்கு. பாத்ரூம் சுவர் உரியுது என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் எந்த பெயிண்ட் நல்லது என்றுதான் கேட்பார்கள். எங்கே உரிகிறது என்று முதலில் பாருங்கள். சீலிங்கை ஒட்டி என்றால் பெரும்பாலும் வெந்நீர் ஆவி. டைல்ஸுக்கு மேலே கொப்புளித்து, தொட்டால் வெள்ளையாக உப்பு கொட்டினால், சுவருக்குள்ளேயே ஈரம்: பைப் கசிவு, மாடி பாத்ரூம், வெளிச்சுவர் விரிசல் எதுவாகவும் இருக்கலாம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் பெயிண்டர் வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். கசிவை நிறுத்தாமல் மேலே எதை அடித்தாலும் காசு வீண்.

அப்புறம் சுரண்டல். உரிந்த இடத்தோடு நிறுத்தாமல், தகடு நுழைகிற வரை எடுக்க வேண்டும். மஞ்சக்குப்பத்துப் பழைய வீடுகளில் அடியில் சுண்ணாம்பு இருக்கும். விரலில் மாவாக ஒட்டினால் அதுவும் போக வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பழைய எனாமலை மட்டும் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகமூடியும் கட்டாயம். பெயிண்டில் ஈயம் என்ற விஷ உலோகத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முந்தைய டப்பாவில் என்ன இருந்ததோ!

கருப்புப் பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட் சேர்த்தால் விஷவாயு வரும், சின்ன பாத்ரூமில் ஆளையே சாய்த்துவிடும்.

சுவர் நன்றாகக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை நான் எடுப்பதில்லை. தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் பங்குனியிலேயே சீக்கிரம் காயாது, அடைமழையில் எங்கே காய? காய்ந்த பிறகு வெள்ளை சிமெண்ட் பட்டியை மெல்லிசாக இரண்டு கை பாருங்கள். அக்ரிலிக் பட்டி ஈரத்தில் இளகும். உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, பிரைமர் ஒரு கை, பூஞ்சை பிடிக்காத எமல்ஷன் இரண்டு கை. டிஸ்டம்பர் மலிவுதான், பாத்ரூமில் நிற்காது.

கொசுவுக்குப் பயந்து வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு வலை அடியுங்கள்.